கணினிப் பாதுகாப்பு கற்க எந்தத் தளம்? ஆறு வழிகள், ஓர் ஒப்பீடு

"சைபர் செக்யூரிட்டி படிக்கணும், எதுல ஆரம்பிக்கிறது?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு வருவதில்லை. பத்துப் பதினைந்து தளங்களை ஏற்கெனவே புக்மார்க் செய்து வைத்திருக்கிறார்கள். நான்கில் கணக்குத் தொடங்கி, இரண்டில் முதல் பாடத்தை முடித்து, யூடியூபில் ஒரு நீண்ட பயிற்சியைப் பாதியில் விட்டிருக்கிறார்கள். எதை ஒதுக்கலாம் என்று யாராவது துணிந்து சொன்னால் போதும் என்ற நிலையில் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

ஒப்பிட எடுத்துக்கொண்டவை ஆறு: ஓவர் தி வயர் தளத்தின் பாண்டிட், போர்ட்ஸ்விகர் வெப் செக்யூரிட்டி அகாடமி, ட்ரைஹேக்மீ, பிகோ சிடிஎஃப், என்பிடெல், ஓவாஸ்ப் அமைப்பின் ஜூஸ் ஷாப். ஹேக் தி பாக்ஸ் நல்ல தளம்தான். ஆனால் அதன் சவால்கள் பெரும்பாலும் அடிப்படை தெரிந்தவர்களுக்கானவை என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

## முதலில் அளவுகோல்கள்

செலவு. எல்லாமே 'இலவசம்' என்றுதான் வாசலில் எழுதியிருக்கும். எந்த இடத்தில் பூட்டு விழுகிறது என்று பார்க்க வேண்டும். சந்தா டாலரில் என்றால் கார்டு நிறுவனம் அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை பிடிக்கும். மாணவர்களின் டெபிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டே இருக்கும், நாம்தான் வங்கிச் செயலியில் போய்த் திறந்துவிட வேண்டும். மாதாமாதம் தானாகக் கழியும் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. அதனால் வெளிநாட்டுச் சந்தா சில கார்டுகளில் தானாகப் புதுப்பிக்கப்படாமல் நின்றுபோகும்.

கணினியும் இணையமும். 4 ஜிபி ராம் உள்ள மடிக்கணினியில் விண்டோஸுக்குள் விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் இன்னொரு கணினி) வைத்து, பாதுகாப்புச் சோதனைக் கருவிகளோடு வரும் காளி லினக்ஸ் இயக்கதளத்தை ஓட்டினால், படிப்பதைவிடக் காத்திருக்கும் நேரமே அதிகமாகிவிடும். இன்னொன்று பலருக்கு முன்கூட்டித் தெரிவதில்லை: கல்லூரி, விடுதி வைஃபைகளில் வழக்கமான இணையப் போர்ட்டுகளை (இணைப்பு உள்ளே வந்துபோகும் எண்ணிட்ட வாசல்களை) தவிர மற்றவற்றை அடைத்து வைத்திருப்பார்கள். பயிற்சித் தளத்தின் வலையமைப்போடு நம்மை இணைக்கும் விபிஎன், தூரத்துக் கணினியில் கட்டளை தட்ட உதவும் எஸ்எஸ்ஹெச் இரண்டும் அங்கே படுத்துவிடும்.

விடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான அளவுகோல் இதுதான். ஒரு சவாலில் மாட்டிக்கொண்டால், விடையைத் தொட எத்தனை அடி நடக்க வேண்டும்? விடை ஒரு சொடுக்கில் இருந்தால் பத்து நிமிடத்தில் கை தானாக அங்கே போகும். எட்டவே எட்டாது என்றால் மூன்றாம் நாள் தளத்தை மூடிவிடுவோம். இந்த வேலையில் மாட்டிக்கொண்டு தவிப்பதும், கையேட்டைப் புரட்டுவதும், சின்னச் சின்னதாகச் சோதித்துப் பார்ப்பதும்தான் அன்றாடம். அந்தப் பழக்கத்தை எந்தத் தளம் நம்மிடம் ஏற்படுத்துகிறது என்பதுதான் கேள்வி.

மொழி. ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலத்தில்தான். ஆனால் ஒரு பக்கத்துக்கு நான்கு வரி படிப்பதும், நான்கு பக்கம் படித்துவிட்டு ஒரு பயிற்சிக்கு வருவதும் ஒன்றல்ல.

சான்று. கல்லூரிக்கோ வேலைக்கோ காட்ட ஏதாவது கிடைக்குமா?

## பாண்டிட்

நெதர்லாந்திலோ பெங்களூரிலோ என்று யோசிக்க வேண்டியதில்லை, தூரத்தில் இருக்கும் ஒரு லினக்ஸ் கணினியில் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைகிறீர்கள். ஒவ்வொரு நிலையிலும் எங்கோ ஒரு கடவுச்சொல் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடித்தால் அடுத்த நிலைக்கு நுழையலாம். முப்பதுக்கும் மேற்பட்ட நிலைகள். பதிவு இல்லை, கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை.

இரண்டாவது கடவுச்சொல்லையே எடுத்துக்கொள்வோம். அது இருக்கும் கோப்பின் பெயர் வெறும் ஒரு சிறுகோடு. வழக்கம்போல, கோப்பில் இருப்பதைத் திரையில் காட்டும் 'கேட்' கட்டளைக்குப் பின்னால் அந்தச் சிறுகோட்டைப் போட்டு என்டர் தட்டினால் திரை அப்படியே நின்றுவிடும். பிழைச்செய்தியும் வராது. புதிதாக வருகிறவர்கள் இணையம் போய்விட்டது என்றே நினைப்பார்கள். நடந்தது வேறு: தனியாக நிற்கும் சிறுகோட்டை 'கேட்' ஒரு கோப்பின் பெயராகவே எடுத்துக்கொள்வதில்லை, விசைப்பலகையிலிருந்து வருவதைப் படி என்று பொருள் கொண்டு நீங்கள் தட்டச்சு செய்யக் காத்திருக்கிறது. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேர்த்து, 'இந்த அடைவில் இருக்கும் கோப்பு' என்று தெளிவாகச் சொன்னால் உடனே திறந்துவிடும்.

விளையாட்டுப் போலத் தோன்றும் இந்த ஒரு நிலையில் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பாடம் ஒன்று இருக்கிறது. நாம் தரவு என்று கொடுத்ததை நிரல் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. பயனர் பதிவேற்றும் கோப்பின் பெயர் சிறுகோட்டில் தொடங்கினால், அதை அப்படியே ஒரு கட்டளைக்குக் கொடுக்கும் சர்வர் ஏமாந்துபோகும். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனும் இதே குடும்பம்தான்: பயனர் தட்டியது தரவுத்தளத்துக்கான கட்டளையாகிவிடும். பாண்டிட் இதையெல்லாம் விளக்காது. உங்களை முட்ட வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

ஆறாம் நிலைக்குப் போக, சரியாக 1033 பைட் அளவுள்ள, இயக்க முடியாத கோப்பைத் தேட வேண்டும். பின்னால் ஒரு நிலையில் மீண்டும் மீண்டும் சுருக்கப்பட்ட கோப்பு ஒன்றை உரித்துக்கொண்டே போக வேண்டும். இருபத்தாறாம் நிலைக்குப் போகும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. டெர்மினல் எனப்படும் கட்டளைத் திரையின் ஜன்னலைக் கையால் இழுத்துச் சிறிதாக்கினால்தான் கதவு திறக்கும். ஏன் என்று புரியும்போது, திரையின் உயரம்கூட நிரலுக்கு ஓர் உள்ளீடுதான் என்பது மனதில் பதிந்துவிடும்.

விடையின் தூரம்: தளத்தில் விடை கிடையாது. ஒவ்வொரு நிலையிலும் இலக்கு என்ன என்று சில வரிகள், தேவைப்படக்கூடிய கட்டளைகளின் பெயர்கள், அவ்வளவுதான். மிச்சத்தைக் கட்டளைகளின் கையேட்டுப் பக்கத்தில் நீங்களே படிக்க வேண்டும். கூகுளில் தேடினால் முழு விடையும் கொட்டிக் கிடக்கிறது, அது உங்கள் கட்டுப்பாட்டைப் பொறுத்தது.

மறைமுகச் செலவுகள்: உங்கள் முன்னேற்றத்தைத் தளம் நினைவில் வைக்காது. கடவுச்சொற்களை நீங்களே ஒரு கோப்பில் குறித்து வைக்க வேண்டும், தொலைத்தால் முதலிலிருந்துதான். இணைப்பு 2220 என்ற போர்ட்டில் நடப்பதால் விடுதி வைஃபையில் சில இடங்களில் வேலை செய்யாது, கைபேசி டேட்டாவில் செய்யும். மற்றபடி தேவை மிகக் குறைவு. விண்டோஸ் 10இல் 2018 முதலே எஸ்எஸ்ஹெச் உள்ளேயே வருகிறது. கணினியே இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு கைபேசியில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் செயலியை வைத்து முழுவதையும் ஆடலாம். கட்டைவிரலால் கட்டளைகளைத் தட்டுவது சிரமம்தான், ஆனால் முடியும்.

முடித்தபின், அதே தளத்தின் நேட்டாஸ் தொடர் வலைப் பாதுகாப்புக்கு அழைத்துப் போகும். அதைத் தொடங்க உலாவி போதும், போர்ட் தொல்லை இல்லை.

## போர்ட்ஸ்விகர் வெப் செக்யூரிட்டி அகாடமி

வலைத்தளங்களைச் சோதிப்பவர்கள் தினமும் திறக்கும் பர்ப் சூட் என்ற கருவியைச் செய்யும் பிரிட்டிஷ் நிறுவனம் 2019இல் தொடங்கிய இலவசப் பள்ளி இது. இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள். ஒவ்வொன்றையும் திறக்கும்போது உங்களுக்கென்றே ஓட்டை வைத்துக் கட்டிய ஒரு வலைத்தளம் தற்காலிகமாக உருவாகும். அதை எப்படி வேண்டுமானாலும் தாக்கலாம்.

முதல் எஸ்க்யூஎல் ஆய்வகம் ஓர் இணையக் கடை. பொருள் வகையைத் தேர்ந்தெடுத்தால் அந்த வகையின் பெயர் முகவரிப் பட்டியில் தெரியும். அதன் முடிவில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைச் சேர்த்தால் தளம் உடைந்து பிழை காட்டும். அந்தக் குறி தரவுத்தளக் கேள்விக்குள்ளேயே போய் விழுந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அதன்பின் 'அல்லது ஒன்றும் ஒன்றும் சமம்' என்ற நிபந்தனையைச் சேர்த்து, மிச்சக் கேள்வியைக் குறிப்புரையாக்கி வெட்டிவிட்டால், இன்னும் வெளியிடப்படாத பொருள்களும் பட்டியலில் வந்து நிற்கும்.

சில ஆய்வகங்கள் தள்ளி வந்தால் விளையாட்டு மாறுகிறது. அங்கே தரவுத்தளம் எதையும் காட்டாது. நீங்கள் கேட்ட நிபந்தனை சரியென்றால் பக்கத்தில் ஒரு வரவேற்பு வாசகம் வரும், தவறென்றால் வராது. அந்த ஒரே அடையாளத்தை வைத்து நிர்வாகியின் 20 எழுத்துக் கடவுச்சொல்லை எடுக்க வேண்டும். சிறிய ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டும்தான் என்பதால் ஓர் இடத்துக்கு 36 வாய்ப்புகள், மொத்தம் அதிகபட்சம் 720 கோரிக்கைகள். பர்ப் சூட்டின் இலவசப் பதிப்பில் இதைத் தானாகச் செய்யும் பகுதியை வேண்டுமென்றே வேகம் குறைத்து வைத்திருக்கிறார்கள். நொந்துகொள்ள வேண்டாம். இருபது முப்பது வரிப் பைதான் நிரல் எழுதினால் அதே வேலை முடிந்துவிடும். 'இந்த எழுத்து எம் என்பதைவிடப் பெரியதா?' என்று பாதி பாதியாகப் பிரித்துக் கேட்டால் ஓர் எழுத்துக்கு ஆறு கேள்வி போதும், 720 என்பது 120 ஆகிவிடும். கல்லூரியில் படித்த பைனரி சர்ச் எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த ஆய்வகத்தைக் காட்டலாம். நிரல் எழுதத் தெரிந்தவருக்கும் கருவி மட்டும் தெரிந்தவருக்கும் உள்ள இடைவெளி இந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியும்.

விடையின் தூரம்: ஒரு சொடுக்கு. ஒவ்வொரு ஆய்வகப் பக்கத்தின் கீழேயும் தீர்வு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இந்த அளவுகோலில் இது பாண்டிட்டுக்குக் கீழேதான். ஆனால் 'மர்ம ஆய்வகம்' என்று ஒரு வசதி உண்டு. எந்த வகை ஓட்டை என்று சொல்லாமலே ஒன்றைத் திறந்துவிடும். முப்பது நாற்பது ஆய்வகம் முடித்தவர்கள் அங்கே போனால், கற்றது நிஜமாகவே கையில் நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

மறைமுகச் செலவுகள்: ஆங்கில வாசிப்பு அதிகம், ஆனால் துறையில் இவ்வளவு தெளிவான எழுத்து குறைவு. சில ஆய்வகங்களுக்குப் பர்ப் சூட்டின் கட்டணப் பதிப்பு தேவை, ஆண்டுக்குச் சில நூறு டாலர். மாணவர்கள் அவற்றைத் தாண்டிப் போகலாம், இழப்பு பெரிதில்லை. சான்றிதழ்த் தேர்வுக்கும் அந்தக் கட்டணப் பதிப்பு வேண்டும் என்பதால் மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். இன்னொரு எல்லை: இது வலைப் பாதுகாப்பு மட்டும். வலையமைப்பு, மால்வேர், லினக்ஸ் எதுவும் இங்கே கிடையாது.

## ட்ரைஹேக்மீ

2018இல் தொடங்கிய தளம், நம் ஊர் மாணவர்களிடம் மிகவும் பிரபலம். எல்லாம் உலாவிக்குள்ளேயே நடக்கும் என்பதால் பழைய கணினி போதும். இலவசக் கணக்குக்கு அந்த உலாவி இயந்திரம் நாளுக்கு ஒரு மணி நேரம். சொந்த லினக்ஸிலிருந்து விபிஎன் வழியாக இணைந்தால் அந்த வரம்பு இல்லை, ஆனால் விடுதி வைஃபை விட வேண்டும்.

இதன் பாட முறையில் எனக்கு உடன்பாடு குறைவு. ஒரு பத்தி படிப்பீர்கள், உடனே கீழே ஒரு கேள்வி. விடை மேலேயே இரண்டு வரி தள்ளி இருக்கும். எத்தனை எழுத்து என்று நட்சத்திரக் குறிகள் விடைப் பெட்டியிலேயே காட்டும். பச்சை டிக் விழும்போது கற்றுவிட்டோம் என்ற உணர்வு வருகிறது, அடுத்த வாரம் வெற்றுத் திரை முன் உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. தொடர்ச்சியாக எத்தனை நாள் வந்தோம் என்ற கணக்கும் அப்படித்தான். அதைக் காப்பாற்ற இரவு பதினொன்றரைக்கு ஏதோ ஓர் எளிய கேள்விக்கு விடை போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் நிறையப் பேர்.

அப்படியிருந்தும் ஓர் இடத்தில் இதுவே சிறந்த தேர்வு. தாக்குவதைவிடத் தடுப்பதில்தான் பணியிடங்கள் அதிகம்: நிறுவனங்களின் பாதுகாப்புக் கண்காணிப்பு மையங்களில் லாக் (கணினிகளின் நடவடிக்கைப் பதிவு) பார்ப்பது, ஏமாற்றிக் கடவுச்சொல் பறிக்கும் ஃபிஷிங் மின்னஞ்சலைப் பிரித்துப் பார்ப்பது, எச்சரிக்கைகளைத் தரம் பிரிப்பது. இந்தத் தடுப்புப் பக்கத்தை வரிசையாகச் சொல்லித்தரும் தளம் இந்த ஆறில் இது ஒன்றுதான். அந்த வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இரண்டு மாதம் சந்தா கட்டி, அந்தப் பாதையை மட்டும் முடித்துவிட்டு நிறுத்திவிடலாம். ஆண்டுச் சந்தா மலிவு என்று காட்டுவார்கள், முதல் மாதத்தில் எவ்வளவு பயன்படுத்தினீர்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

## பிகோ சிடிஎஃப்

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 2013 முதல் நடத்தும் சிடிஎஃப் போட்டி, அதாவது சவாலை உடைத்து உள்ளே ஒளித்துவைத்த 'கொடி'யைக் கண்டுபிடிப்பது. முழுக்க இலவசம். பழைய போட்டிகளின் சவால்கள் ஆண்டு முழுவதும் பயிற்சிக்குத் திறந்திருக்கும். லினக்ஸ் டெர்மினலும் உலாவிக்குள்ளேயே கிடைப்பதால் பாண்டிட்டில் வரும் போர்ட் பிரச்சினை இங்கே இல்லை.

இதன் பலம் அகலம்: குறியாக்கவியல், தடயவியல், ரிவர்ஸ் இன்ஜினியரிங் (முடிந்த நிரலைப் பிரித்துப் பார்ப்பது), வலை, நினைவக ஓட்டைகள் என எல்லாவற்றிலும் கொஞ்சம். தனக்கு எது பிடிக்கும் என்றே தெரியாத பள்ளி மாணவருக்கும் முதலாண்டு மாணவருக்கும் இதைவிட நல்ல இடம் இல்லை. குறிப்புகள் உண்டு, ஆனால் அவை விடையாக இருக்காது. தூரம் சரியாக இருக்கிறது என்பேன். பலவீனம், பாட வரிசை தளர்வு. எதற்குப் பின் எது என்று நாமே தேட வேண்டும். நினைவக ஓட்டைகள் பிடித்துப்போனால் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ப்வன் காலேஜ் என்ற இலவசத் தளத்துக்கு மாறிவிடுங்கள், அந்தத் துறையில் அதன் ஆழமே வேறு.

## என்பிடெல்

ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்துவது. குறியாக்கவியல், வலையமைப்புப் பாதுகாப்பு, பாதுகாப்பான நிரலாக்கம் என 8 வாரம், 12 வாரப் பாடங்கள். பார்ப்பது இலவசம், தேர்வுக்கு ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய். மதிப்பெண்ணில் 25 சதவீதம் வாராந்திரப் பணிகளுக்கு, 75 சதவீதம் நேரில் எழுதும் தேர்வுக்கு. பல கல்லூரிகள் இதைக் கிரெடிட்டாக ஏற்றுக்கொள்கின்றன. கணிதம் ஏன் வேலை செய்கிறது என்று கரும்பலகையில் எழுதி நிரூபிக்கும் பொறுமை மேலே சொன்ன தளங்கள் எதிலும் இல்லை. ஆனால் கை வேலை குறைவு. இதை மட்டும் முடித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்குப் போனால் 'செய்து காட்டு' என்ற இடத்தில் திணறுவீர்கள்.

## ஜூஸ் ஷாப்

ஓவாஸ்ப், மென்பொருள் பாதுகாப்புக்காக 2001இல் தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு. அதன் ஜூஸ் ஷாப், வேண்டுமென்றே ஓட்டைகளோடு எழுதப்பட்ட பழச்சாறுக் கடை. இறக்கி உங்கள் கணினியிலேயே ஓட்டலாம், அதன்பின் இணையமே வேண்டாம். மின்சாரமும் இணையமும் மாறி மாறிப் போகும் ஊர்களில் இது சின்ன விஷயமில்லை. மதிப்பெண் பலகை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதே முதல் சவால்.

ஏற்கெனவே மென்பொருள் எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நிரல் முழுவதும் திறந்த மூலம் என்பதால், உடைத்தபின் எந்த வரியால் உடைந்தது என்று போய்ப் பார்க்கலாம். பக்கத்தில் ஓவாஸ்ப்பின் சுருக்கக் குறிப்புத் தொடரை வைத்துக்கொண்டு அந்த வரியைத் திருத்தியும் பார்க்கலாம். புதியவர்களுக்கு இது ஒத்து வராது, இதை ஓட்டத் தேவையான நோட் ஜேஎஸ்ஸோ டாக்கரோ நிறுவுவதிலேயே ஒரு நாள் போய்விடும்.

## ஒரு பார்வையில்

| | செலவு | தேவையான கணினி | விடையின் தூரம் | சான்று | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| பாண்டிட் | இல்லை | கைபேசியே போதும் | தளத்தில் இல்லை | இல்லை | லினக்ஸ் தெரியாத எவருக்கும் |
| போர்ட்ஸ்விகர் | பெரும்பகுதி இலவசம் | சாதாரண மடிக்கணினி | ஒரு சொடுக்கு | உண்டு, செலவு அதிகம் | வலைப் பாதுகாப்பு, பக் பவுன்ட்டி (ஓட்டை கண்டு சொன்னால் பரிசு) |
| ட்ரைஹேக்மீ | பாதிக்குச் சந்தா | உலாவி போதும் | மிக அருகில் | பாடம் முடித்த சான்று | கண்காணிப்பு மைய வேலை |
| பிகோ சிடிஎஃப் | இல்லை | உலாவி போதும் | குறிப்பு மட்டும் | இல்லை | துறையைத் தேடும் மாணவர் |
| என்பிடெல் | தேர்வுக்கு 1000 ரூபாய் | காணொளி ஓடினால் போதும் | பொருந்தாது | உண்டு | கிரெடிட், கோட்பாடு |
| ஜூஸ் ஷாப் | இல்லை | டாக்கர் ஓடும் கணினி | நிரலுக்குள் | இல்லை | பணியில் இருக்கும் டெவலப்பர் |

## சட்டம்: எந்தத் தளத்தைத் தேர்ந்தாலும்

மேலே சொன்ன ஆய்வகங்கள் எல்லாமே தாக்கிப் பார்க்க அனுமதி கொடுத்தவை. அந்த அனுமதி அந்த இயந்திரத்தோடு முடிந்துவிடும். ஒற்றை மேற்கோள் குறியைக் கல்லூரித் தளத்திலும் போட்டுப் பார்க்கத் தோன்றும், போடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவின்படி, அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவதே இழப்பீடு கேட்கப் போதுமான காரணம். அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவு: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. நிஜத் தளங்களில் சோதிக்க ஆசை என்றால், எதையெல்லாம் தொடலாம் என்று எழுத்தில் சொல்லும் பக் பவுன்ட்டித் திட்டங்கள் இருக்கின்றன. அந்த எல்லையைப் படித்துவிட்டு அங்கே போங்கள்.

## நான் என்றால் எதை எடுப்பேன்

இரண்டாம் ஆண்டு பொறியியல் மாணவர், சுமாரான மடிக்கணினி, கையில் பணம் இல்லை, ஓரளவு பைதான் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பாண்டிட்டில் இருபதாம் நிலை வரை, அதன்பின் போர்ட்ஸ்விகர், வேறு எதுவும் இல்லை. போர்ட்ஸ்விகரில் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன், அங்கீகாரம் (உள்நுழைபவர் யார் என்று சரிபார்ப்பது), அணுகல் கட்டுப்பாடு (யார் எதைத் தொடலாம் என்பது) மூன்று தலைப்புகளையும் முடிக்கும்வரை இன்னொரு தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டாம். ஓவாஸ்ப்பின் பத்துப் பெரிய ஆபத்துகள் பட்டியலில் 2021இல் முதலிடத்துக்கு வந்தது அணுகல் கட்டுப்பாட்டுக் குறைபாடுதான். இருந்தும் கவர்ச்சி இல்லாத தலைப்பு என்று பலர் தாண்டிப் போகிறார்கள்.

தீர்வுப் பொத்தானுக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். என்ன முயன்றேன், என்ன நடந்தது, ஏன் நடக்கவில்லை என்று நினைக்கிறேன் என்பதைத் தமிழிலேயே நான்கு வரி எழுதியபின்தான் திறக்க வேண்டும். எழுதும்போதே பாதி நேரம் விடை வந்துவிடும். அந்தக் குறிப்புகளைத் தொகுத்து வைத்தால், சான்றிதழ் இல்லாதவருக்கு நேர்முகத் தேர்வில் எடுத்துக் காட்ட அதுதான் இருக்கும். எழுதியும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை என்றால் தீர்வைத் திறந்து பாருங்கள், ஒரு வாரம் கழித்து அதே ஆய்வகத்தைப் பார்க்காமல் மறுபடி போடுங்கள்.

கணினியே இல்லாதவர் பாண்டிட்டைக் கைபேசியில் தொடங்கலாம். பள்ளி மாணவர் பிகோ சிடிஎஃப். கிரெடிட் தேவைப்படுகிறவர் என்பிடெல்லில் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு பாடம், கூடவே பாண்டிட். வேலை தேடும் அவசரத்தில் இருப்பவருக்கு ட்ரைஹேக்மீயின் கண்காணிப்புப் பாதை இரண்டு மாதம். வேலையில் இருக்கும் டெவலப்பர் ஜூஸ் ஷாப்பில் ஒரு வார இறுதியைச் செலவிட்டுவிட்டு, திங்கட்கிழமை தன் சொந்த நிரலில் பயனர் எண்ணை எங்கெல்லாம் சரிபார்க்காமல் நம்பியிருக்கிறோம் என்று தேடிப் பார்க்கலாம்.